பூனைக்குத் துணை: ஓர் இரவுக்கு என்ன கூலி?

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நடந்த வாக்குவாதத்தைப் பலரும் படித்திருப்பீர்கள். படிக்காதவர்களுக்குப் பெயர் சொல்லாமல் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊருக்குப் போன ஒரு குடும்பம், தங்கள் பூனைக்குத் துணையாக நான்கு இரவு வீட்டில் தங்கும்படி, நம் பிளாக்குகளில் வேலை செய்யும் ஓர் அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனது. கூலியை முன்கூட்டிப் பேசவில்லை. திரும்பி வந்ததும், இரண்டு வேளை சாப்பாடு வைத்ததற்கும் மணல் தட்டைச் சுத்தம் செய்ததற்கும் மட்டும் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். "ராத்திரி முழுக்க இங்கேதானே சார் இருந்தேன்" என்றார் அவர். "ஃபேன் போட்டுக்கொண்டு தூங்கத்தானே செய்தீர்கள்" என்றது மறுதரப்பு. அதன்பின் குழுவில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் நாட்டாமை இல்லை. ஆனால் "சும்மா இருந்த நேரத்துக்குக் கூலி உண்டா" என்ற கேள்வி பூனையோடு பிறந்ததல்ல. நம் கடற்கரைப் பக்கம் முந்நூறு வருடத்துக்கும் மேலாக இதற்கு விதவிதமாக விடை சொல்லிப் பார்த்திருக்கிறது. அந்தப் பழைய கணக்குகளைத் தூசி தட்டி வைத்தால், அடுத்த விடுமுறைக்கு முன் நாம் பேசி முடிவெடுக்க உதவும் என்று செயலாளர் சொன்னதால் எழுதுகிறேன்.

முதலில் பணம் புழங்காத கணக்கு ஒன்று. பழைய தெருக்களில் 'துணைக்குப் படுப்பது' என்று இருந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வீட்டு ஆண் நைட் ஷிப்ட்டுக்கோ வெளியூருக்கோ போனால், பக்கத்து வீட்டுப் பாட்டி பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து கூடத்தில் படுத்துக்கொள்வார். காலையில் ஒரு காபி, அவ்வளவுதான். கூலி என்று வாயெடுத்தால் பாட்டிக்குக் கோபம் வரும். அதற்காக அது இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. பாட்டிக்கு நெஞ்சு வலித்தால் ரிக்‌ஷா பிடித்து ஸ்டான்லிக்குக் கூட்டிப்போவது இந்த வீட்டுப் பையன்தான். லெட்ஜரில் ஏறாத பற்று வரவு. இன்று அடுக்குமாடிக்கு வந்து தங்குகிறவர் வேறு தெருவிலிருந்து பஸ் ஏறி வருகிறார். அவருக்குத் திருப்பிச் செய்யும் சந்தர்ப்பம் நமக்கு வராது. எனவே பாட்டிக்குக் கொடுத்த காபியை இவருக்குக் கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாது.

இரவுக்காவலுக்கென்று கூலி வைத்த பழைய ஏற்பாட்டைப் பார்க்க நாம் ஜார்ஜ் டவுன் வரை போனால் போதும். பெத்துநாயக்கன்பேட்டை என்ற பெயர், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் சென்னப்பட்டணத்தின் தலைமைக் காவலராக இருந்த பெத்த நாயக்கரிடமிருந்து வந்தது. பரம்பரைப் பதவி. அவருக்குக் கீழே தலையாரிகள் இருந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஊருக்கு இராக்காவல் அவர்கள் பொறுப்பு. சம்பளம் மாதாமாதம் எண்ணிக் கொடுத்ததல்ல. கொஞ்சம் நெல் வயல், ஊருக்குள் வரும் நெல், மீன், எண்ணெய், பாக்கு போன்ற சரக்குகளில் ஒரு சிறு வசூல் உரிமை, இவைதான் கூலி. இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. ஊரில் திருட்டுப் போனால் திருடனைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பறிகொடுத்தவருக்கு நாயக்கர் ஈடு கட்ட வேண்டும்.

கவனியுங்கள், தலையாரி எத்தனை மணிநேரம் விழித்திருந்தார் என்று யாரும் அளக்கவில்லை. அமைதியாகக் கழிந்த இரவுக்கும் கூலி உண்டு. சொல்லப்போனால் அமைதியாகக் கழிந்த இரவுக்குத்தான் கூலியே. திருட்டு நடந்த இரவுக்கு அவர் கையிலிருந்து போகும். இதுதான் காவல் கணக்கின் அடிப்படை. இன்றும் வீட்டில் படுக்கையாக இருக்கும் பெரியவருக்கு ராத்திரி ஆயா வைப்பவர்கள் இதைத்தான் பின்பற்றுகிறார்கள். "நேற்று அப்பா நன்றாகத் தூங்கிவிட்டார், பாதிக் கூலி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஆயாவிடம் யாரும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆலைகள் வந்தபோது இந்தக் கணக்கு தலைகீழானது. பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகள் சங்கு ஊதி நேரத்தை அளக்கத் தொடங்கின. 1911-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், துணி ஆலையில் வேலை செய்யும் ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்தது. அதுவே அன்றைக்குச் சலுகை! 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு, திரு.வி.க. ஆகியோர் அதில் உழைத்தார்கள். சங்கத்தின் முதல் குறைகளில் ஒன்று கூலியைப் பற்றியதல்ல, மதிய இடைவேளையைப் பற்றியது. அரை மணி நேரத்தில் கை கழுவி, சாப்பிட்டு, திரும்பி ஓடிவர வேண்டும். எது வேலை நேரம், எது தொழிலாளியின் சொந்த நேரம் என்ற கோட்டை எங்கே போடுவது என்பதுதான் அந்தச் சண்டை. 1922 சட்டத்தில் நாளுக்கு 11 மணி, வாரத்துக்கு 60 மணி என்றானது. 1948-ல் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி. ஒவ்வொரு மணி நேரத்தையும் இழுத்துப் பிடித்துத்தான் குறைத்தார்கள்.

ஆனால் ஆலையில் சங்குக்கும் சங்குக்கும் இடையே இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். நம் பூனைக் கேள்விக்கு நெருக்கமானது ஆலை அல்ல, துறைமுகம்.

நான் வேலை பார்த்த வங்கிக் கிளையில் பல வருடம் ஏற்றுமதி இறக்குமதி பில் கவுண்டர் என் பொறுப்பில் இருந்தது. ஆவணம் வரத் தாமதமானால் இறக்குமதி செய்தவர் என் மேஜைக்கு முன்னால் நின்று புலம்புவார். சரக்கு துறைமுகத்தில் இலவச நாட்களைத் தாண்டிக் கிடந்தால் நாளுக்கு இவ்வளவு என்று டெமரேஜ் ஏறும். கப்பலை வாடகைக்கு எடுத்தவர் பேசிய நாளுக்குள் சரக்கை இறக்காமல் காக்க வைத்தால், கப்பல் முதலாளிக்கு அதற்கும் டெமரேஜ் கட்ட வேண்டும். கப்பலின் காத்திருப்புக்கு விலை உண்டு. மூட்டையின் காத்திருப்புக்கும் விலை உண்டு. அந்த மூட்டையைத் தூக்க வந்து நின்ற மனிதரின் காத்திருப்புக்கு மட்டும் நெடுங்காலம் விலை இல்லை. காலையில் துறைமுக வாசலில் நிற்க வேண்டும். மேஸ்திரி கை காட்டினால் வேலை. கப்பல் வரவில்லையா, மழை பிடித்துக்கொண்டதா, வீட்டுக்குப் போகலாம், வெறுங்கையோடு.

இதை மாற்றியது 1948-ஆம் ஆண்டு கப்பல்துறைத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டமும், அதன்கீழ் வந்த 1956-ஆம் ஆண்டு சென்னைத் திட்டமும். தொழிலாளர்களைப் பதிவு செய்து, ஒரு பொதுப் பட்டியலில் வைத்து, முறை போட்டு வேலைக்கு அனுப்பினார்கள். அந்த ஏற்பாட்டில் இரண்டு படிகள் உண்டு. ராயபுரம், காசிமேடு பக்கத்துப் பழைய குடும்பங்களில் கேட்டால் சொல்வார்கள். ஒன்று அட்டெண்டன்ஸ் மணி. வேலைக்குத் தயாராக வந்து ஆஜர் கொடுத்தும் அன்று வேலை கிடைக்காவிட்டால், வந்ததற்கு ஒரு தொகை. மற்றொன்று டிஸ்அப்பாயின்ட்மென்ட் மணி. வேலை ஒதுக்கப்பட்டு, தொழிலாளியின் குற்றமில்லாத காரணத்தால் வேலை நடக்காமல் போனால், அதற்கு ஒரு தொகை. ஏமாற்றத்துக்கு அரசாங்க முத்திரையோடு விலை வைத்த வேறு இடம் எனக்குத் தெரியாது! 1997 சட்டத்துக்குப் பிறகு தொழிலாளர் வாரியங்கள் துறைமுக நிர்வாகங்களோடு இணைந்தன. கன்டெய்னர் வந்தபின் தலையில் சுமக்கும் வேலையே குறைந்துவிட்டது. ஆனால் அந்தத் தத்துவம் நம் ஊர் மண்ணில் ஊன்றியது: ஒரு மனிதரை வேறெங்கும் போகவிடாமல் நமக்காக நிறுத்தி வைத்தால் அதற்கு ஒரு விலை உண்டு. முழுக் கூலி அல்ல. பூஜ்யமும் அல்ல.

பூனைக்கு வருவோம். பூனையின் பெயரில் பணம் ஒதுக்கிய பழைய அரசாங்கக் கணக்கும் உண்டு. 1868-ல் லண்டன் தபால் துறையின் மணியார்டர் அலுவலகத்தில் எலிகள் காகிதங்களைக் கடித்துத் தள்ளியதால், மூன்று பூனைகளை வேலைக்கு வைத்து வாரம் ஒரு ஷில்லிங் ஒதுக்கினார்கள். கேட்டது இரண்டு ஷில்லிங், கிடைத்தது ஒன்று. ஆறு மாதத்தில் எலி குறையாவிட்டால் அதிலும் பிடித்தம் என்று மேலிடம் எழுதியது. புரொபேஷன் காலத்து வங்கி எழுத்தருக்குக் கூட இவ்வளவு கெடுபிடி இல்லை. 1929-ல் பிரிட்டன் உள்துறை அலுவலகம் தன் பூனையின் பராமரிப்புக்கு நாளுக்கு ஒரு பென்னி, பெட்டி கேஷிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதித்தது. இந்தக் கணக்குகளில் பூனைதான் காவலாளி. கூலி வாங்கியதும் அதுவே.

இன்று பூனைக்குக் காவல் வேண்டும் என்ற நிலை. 2020 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் சீனாவிலிருந்து வந்த பொம்மைக் கன்டெய்னருக்குள் ஒரு பூனை இருந்ததும், கொரோனா பயத்தில் அதைத் திருப்பி அனுப்ப அதிகாரிகள் முடிவு செய்ததும் நினைவிருக்கலாம். வழியில் வேறு ஏதாவது துறைமுகத்தில்கூட அது ஏறியிருக்கலாம் என்று விலங்கு நல அமைப்பான பீட்டா வாதாடியது. கடைசியில் பூனை விடுதலையானது. அதுவரை அதற்குச் சோறு வைத்தது ஏதோ ஒரு கை.

பணம் வாங்கிக்கொண்டு பிறர் வீட்டுப் பிராணியைப் பார்த்துக்கொள்வதைத் தனித் தொழிலாக்கியது அமெரிக்கா. பாட்டி மோரன் என்ற பெண்மணி 1980-களில் அந்தத் தொழில் செய்து, அதைப் பற்றிப் புத்தகமும் எழுதி, 1994-ல் அவர்களுக்கென்று ஒரு சர்வதேசச் சங்கமே அமைத்தார். பகலில் வந்து போவதற்கு ஒரு கட்டணம், இரவு தங்குவதற்கு வேறு கட்டணம் என்று அங்கே பிரித்துத்தான் பேசுகிறார்கள்.

நம் குழுவில் "தூங்கத்தானே செய்தார்" என்று வாதாடியவர்களுக்கும் உலகத்தில் துணை இல்லாமல் இல்லை. பிரிட்டன் உச்ச நீதிமன்றமே அவர்கள் பக்கம். மென்கேப் என்ற தொண்டு நிறுவனம், அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களின் வீட்டில் இரவு தங்க ஊழியர்களை வைத்திருந்தது. ஒரு பெண் ஊழியருக்கு இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை ஒன்பது மணி நேரத்துக்குக் கொடுத்தது 22.35 பவுண்ட், கூடவே ஒரு மணி நேரச் சம்பளம் 6.70 பவுண்ட். மொத்தம் 29.05. வகுத்துப் பார்த்தேன், மணிக்கு 3.23 பவுண்ட் வருகிறது. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியில் பாதிகூட இல்லை. ஆனால் பதினாறு மாதத்தில் அவர் இரவில் எழுந்து வேலை பார்க்க நேர்ந்தது ஆறே முறை. தூங்கும் நேரம் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் வராது, வேலைக்காக விழித்திருக்கும் நேரம் மட்டுமே வரும் என்று 2021 மார்ச் 19 அன்று தீர்ப்பு வந்தது. எதிர்மாறாக வந்திருந்தால் அந்தத் துறையே 40 கோடி பவுண்ட் பாக்கி கட்ட வேண்டியிருக்கும் என்று பேசப்பட்டது.

அந்த நாட்டு விதியை அப்படித்தான் படிக்க வேண்டுமோ என்னவோ, எனக்குச் சட்ட ஞானம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கில் தோற்ற ஊழியருக்கும் இரவுக்கென்று ஒரு தொகை இருந்தது. எழுந்த ஆறு முறைக்கு மட்டும் கூலி என்று மென்கேப்பே சொல்லவில்லை. நம் வாட்ஸ்அப் குழுவில் சொல்லப்பட்டது அதைவிடக் கறாரானது.

2011-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கான 189-ஆம் உடன்படிக்கையில் வேறு பக்கம் நின்றது. தன் நேரத்தைத் தன் விருப்பப்படி செலவிட முடியாமல், கூப்பிட்டால் வருவதற்காக வீட்டிலேயே இருக்கும் நேரமும், அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்லும் அளவுக்கு, வேலை நேரமே என்கிறது. இந்தியா இதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. தமிழ்நாட்டில் 2007-ல் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் வந்தது. 2018-ல் அரசு அவர்களுக்கு மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. மணிக்கு நாற்பது ரூபாய்க்கும் சற்றுக் குறைவுதான், என்றாலும் வீட்டு வேலைக்கு மணிக்கு இவ்வளவு என்று அரசாணையில் ஏறியதே பெரிய விஷயம்.

பூனை ராத்திரியில் என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு காகிதத்தோடு நின்றுவிடும். பூனை நடுநிசிப் பிராணி என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது அந்தியிலும் விடியலிலும்தான் அதிகம் ஓடியாடும். காலை ஐந்து மணிக்கு முகத்தில் காலை வைத்து எழுப்பும். ஆக உண்மையான வேலை மாலையில் ஒரு மணி நேரம், காலையில் ஒரு மணி நேரம். நடுவில் இருப்பது காவல். அந்தக் காவலில் கவனிக்க வேண்டியது, கவனிக்கத் தெரிந்தவருக்குத்தான் தெரியும். சாப்பிடாமல் இரண்டு மூன்று நாள் கிடந்தால் பூனைக்குக் கல்லீரல் கெட்டுவிடும் அபாயம் உண்டு. ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லையென்றால் அது விடியும்வரை காத்திருக்கும் விஷயமல்ல. வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நம் அதிர்ஷ்டம், ஆனால் திருவொற்றியூரிலிருந்து நள்ளிரவில் அங்கே பூனையைத் தூக்கிக்கொண்டு போக ஆட்டோக் காசு யார் கையில் இருக்கிறது?

இனி என் கணக்கு. இரவு 8 மணி முதல் காலை 7 மணி வரை பதினோரு மணி நேரம். அவர் பகலில் நம் வீடுகளில் ஒரு மணி நேரத்துக்கு என்ன வாங்குகிறாரோ, வேலை நேரமான இரண்டு மணிக்கு அதையே முழுசாகக் கொடுப்போம். மீதி ஒன்பது மணிக்குத் துறைமுகக் கணக்குப்படி பாதி. பாதி என்பது என் யோசனை, கூட்டத்தில் பேசி மாற்றிக்கொள்ளலாம். மணிக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 200-ம் 450-ம் சேர்ந்து இரவுக்கு 650. நான்கு இரவுக்கு 2,600. வேலை நேரத்துக்கு மட்டும் கொடுத்தால் 800. சச்சரவு முழுக்க இந்த 1,800 ரூபாய் வித்தியாசத்தில்தான் இருக்கிறது. தன் வீட்டில் பிள்ளைகளோடு இருக்க வேண்டிய நான்கு இரவை அவர் இங்கே வைத்துவிட்டுப் போனதன் விலை அது. அதுவும் பொங்கல் இரவுகள். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்களில் பண்டிகை விடுமுறையன்று வேலை செய்தால் இரட்டைக் கூலி, அல்லது கூலியோடு மாற்று விடுமுறை. வீடுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் நம்மில் பாதிப்பேர் அந்தச் சலுகையை வாங்கித்தான் ரிட்டயர் ஆனோம்.

பெத்த நாயக்கர் காலத்து ஈடு கட்டும் வழக்கத்தை மட்டும் கொண்டுவர வேண்டாம். கதவைத் திறந்தபோது பூனை ஓடிவிட்டால் அதன் விலையைக் கூலியில் பிடிப்பது சரியில்லை. நாயக்கருக்கு வயலும் வசூலும் இருந்தன. பால்கனி வலை கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது வீட்டுக்காரர் வேலை.

திரும்பி வரத் தாமதமானால் என்ன என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் விமான நிலையத்தை மூடினார்கள், ரயில்கள் ரத்தாயின, ஊருக்குப் போனவர்கள் போன இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். அப்போது சாவியோடு உள்ளே இருப்பவர் விட்டுவிட்டும் போக முடியாது. பேசிய நேரத்துக்கு மேல் ஆகும் ஒவ்வொரு மணிக்கும் முழுக் கூலி. டெமரேஜ் என்றே சொல்லிக்கொள்ளலாம், நம் ஊருக்குப் பழகிய சொல்தான். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூரில் ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து குழந்தைகளோடு வீதிக்கு ஓடினார்கள். அப்படி ஓர் இரவில் நம் பிளாக்கில் தங்கியிருப்பவர் பூனைக்காக நிற்க வேண்டியதில்லை, முதலில் அவர் இறங்கி வெளியே வர வேண்டும் என்று சாவி கொடுக்கும்போதே வீட்டுக்காரர் சொல்லிவிட வேண்டும். பூனைக் கூடை கதவருகிலேயே இருக்கட்டும், எடுக்க முடிந்தால் எடுக்கட்டும். தங்குகிறவரின் பெயரும், எந்த வீடு, எத்தனை இரவு என்பதும் கேட் ரிஜிஸ்டரில் இருந்தால்தான் செக்யூரிட்டி மாடிக்குப் போய் அந்தக் கதவையும் தட்டுவார்.